மேல்தட்டில் மூன்றாவது இடம்

நான் இப்போது சமைக்கிற மெஸ்ஸில், அடுப்புக்கு இடது பக்கத்துச் சுவரில் இரண்டு தட்டு வைத்த அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் ஒரே அளவு, ஒரே நீல நிறத்தில் ஏழு தகர டப்பாக்கள். கீழ்த்தட்டில் நாலு. மேல்தட்டில் இரண்டு டப்பா, அப்புறம் ஒரு டப்பா நிற்கிற அளவுக்குக் காலி இடம், அப்புறம் இன்னொரு டப்பா. துபாயில் கராமாவில் இருக்கிற இந்த மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்கே வந்துவிடுவார்கள், ரசம் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க. அவர்களில் யாராவது கேட்பார்கள். "ஏம்மா, அந்த எடம் சும்மாதானே கெடக்கு? ஒரு ஊறுகாய் பாட்டிலையாவது வைக்கக் கூடாதா?" கூடாது என்பேன். ஏன் என்று கேட்டால் சாதம் வேண்டுமா என்று கேட்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். கடுகை நான் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். கடுகு இருக்க வேண்டிய இடம்தான் அந்தக் காலி இடம்.

அந்த ஏழு டப்பாவும் ஏழு ஊர். இருந்தது எட்டு. வெளியில் சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அதனால் சொல்வதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதால் ஒரு தடவை என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் துபாய்க்கு வந்தது வீட்டு வேலைக்கு அல்ல, சமையலுக்கு. விசாவில் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும். என்னை யாரும் பாத்திரம் தேய்க்கச் சொன்னது கிடையாது, சொல்லவிட்டதும் கிடையாது. படிப்பு மூணாம் கிளாஸ். ஆனால் இருநூறு பேருக்கு உலை வைத்தால் ஒரு பருக்கை குழையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைதான். அந்தப் பெருமையைப் பற்றித்தான் கடைசியில் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு ரஷ்ய மேடம் வீட்டில் நாலு வருஷம் சமைத்தேன். ஆபீஸில் பெரிய உத்தியோகத்தில் இருந்த மேடம். புருஷன் கிடையாது, பிள்ளையும் கிடையாது. காலை ஏழு மணிக்குப் போவேன், மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்து சத்வாவில் என் ரூமுக்குத் திரும்பிவிடுவேன். நம்ம சாப்பாடு மேடத்துக்கு உயிர். சாம்பார் வைத்தால் கரண்டியால் குடிப்பார். இரண்டாம் வருஷம் மேடத்தின் அம்மா ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்தார். அவரைத்தான் நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். வந்த அன்று அவர் போட்டிருந்த கோட்டு ஒரு மூட்டை அரிசி கனம் இருக்கும். டிரைவர் பாய் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இந்தக் கோட்டுக்குள்ள இன்னொரு ஆளு இருக்காகளான்னு பாருங்க" என்றார். பாய்க்குக் கீழக்கரை. வாய் சும்மா இருக்காது.

பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. டிவி பிடிக்காது, வெயில் பிடிக்காது, மால் பிடிக்காது. அவருக்குப் பிடித்தது என் அடுப்படி. காலையில் நான் போவதற்கு முன்பே அங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அடுப்படியில் இன்னொரு பொம்பளை இருந்தால் கை ஓடாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சமைத்தேன். அவரும் அசையவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் போய்ப் பார்த்தால் அலமாரி தலைகீழாகக் கிடக்கிறது. தேராவில் ஒரு கடையில் நானே பார்த்து எடுத்த எட்டு நீல டப்பா. என் கணக்குப்படி அடுப்புக்கு ஒட்டினாற்போல் கீழ்த்தட்டுக் கடைசியில் கடுகு. எண்ணெய் காய்ந்ததும் முதலில் கை போவது அங்கேதான். அதற்கு அடுத்து மிளகாய்த்தூள், மஞ்சள், மல்லி. மேலே உப்பு, சர்க்கரை, மிளகு, டீத்தூள். இப்போது எல்லாம் இடம் மாறி, ஒவ்வொரு டப்பாவின் முகத்திலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் என்னமோ எழுதியிருந்தது. எண்ணெய் புகைகிறது, கையை நீட்டினால் கடுகு இருந்த இடத்தில் டீத்தூள். நான் தமிழில் கத்தினேன். அவர் ரஷ்ய மொழியில் கத்தினார். நான் எடுத்து மாற்ற, அவர் எடுத்துத் திருப்பி வைக்க, சண்டை நடந்தது. கடைசியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "நோ, நோ" என்றார். பிடியில் நல்ல பலம். பார்த்துக்கொண்டிருந்த பாய், "ரெண்டு நாடும் பேச்சுவார்த்தைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை மேடம் வீட்டில் இருந்தபோது விஷயம் தெரிந்தது. பெரியம்மா தன் ஊரில் தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல். ரயிலில் வந்து இறங்குகிற தபால் மூட்டையை அவிழ்த்து, சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக அடித்த மரப் பெட்டியில் ஊர் ஊராகப் போடுகிற வேலை. அவர்கள் பகுதிக்குப் பெயர் பெர்ம். உரால் மலைப் பக்கம். நம்ம ஜில்லாக்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அதற்குப் பத்தாது என்றார் மேடம். நிலக்கரி, இரும்பு, உப்பு என்று பூமியில் இருப்பதையெல்லாம் தோண்டி எடுக்கிற ஊர்கள். வடக்கே உள்ள ஊர் மேல் கட்டத்தில், தெற்கே உள்ளது கீழ்க் கட்டத்தில். அந்தப் பெட்டியைத்தான் பெரியம்மா என் அலமாரியில் வைத்திருந்தார்.

மேடம் பிளாஸ்திரியைப் படித்துச் சொன்னார். மேல்தட்டில் முதலில் உப்பு, அது சொலிகாம்ஸ்க். அந்த ஊர் எடுக்கிறதே உப்புதான். பக்கத்தில் சர்க்கரை, அது பெரெஸ்னிகி. மூன்றாவது கடுகு, அது கிசெல். நிலக்கரிச் சுரங்கத்து ஊர், கறுப்பாக இருப்பதால் கடுகு. நாலாவது மிளகு, அது குபாகா. கீழே மிளகாய்த்தூள் சுசவோய். அங்கே இரும்பு உருக்குவார்களாம், சிவப்பாகத் தகதகவென்று ஓடுமாம். அப்புறம் மஞ்சள், அது லிஸ்வா. அடுத்து மல்லி. அதன் ஊர்ப்பேர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. கடைசியில் டீத்தூள், அது குங்கூர். ஒரு காலத்தில் சீனாவிலிருந்து டீ வந்து இறங்கி விற்ற ஊராம். பெரிய ஊரான பெர்ம் எங்கே என்று கேட்டேன். பெரியம்மா அரிசி டிரம்மைத் தட்டிக் காட்டினார். பெருங்காய டப்பாவை மட்டும் அலமாரியில் சேர்க்காமல் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அது குதிம்கார். வேற ஜனங்கள், வேற பாஷை, அதே பகுதிக்குள்ளேயே தனியாக ஒரு பிரிவாக இருந்தது என்றார் மேடம். "உள்ளயும் இருக்கு, வெளியிலயும் இருக்கு. பெருங்காயம் சரிதான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மேடம் மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரியம்மா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அலமாரியை அப்படியே விட்டேன். தோற்றுப்போய் விடவில்லை. ஒரு வேலைக்காரி இன்னொரு வேலைக்காரியின் கையை அடையாளம் கண்டுகொண்டாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி ஓடியது. நான் அடுப்பை விட்டு நகர வேண்டியதில்லை. "பெரியம்மா, கிசெல்" என்பேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, அலமாரிப் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டுவார். கடுகு என் கைக்கு வந்துவிடும். சுசவோய் இரண்டு ஸ்பூன், சொலிகாம்ஸ்க் ஒரு சிட்டிகை. பார்ப்பதே இல்லை. பார்த்துப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கடுதாசி போட முடியும், கைதான் பார்க்க வேண்டும், கண் அடுத்த கடுதாசியில் இருக்க வேண்டும் என்பார். இதெல்லாம் போனில் பேசித்தான். மேடம் அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் ரஷ்ய மொழியில் பேசினால் உள்ளேயிருந்து ஒரு பெண் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி தமிழில் சொல்லும். "இன்று வெண்டைக்காய் மிகவும் வழவழப்பாக உள்ளது" என்று அந்தப் பெண் குற்றம் சொல்லும். நான் பெரியம்மாவை விட்டுவிட்டு போனைப் பார்த்துத் திட்டுவேன். என்னை அவர் ஹஸ்யாய்கா என்று கூப்பிடுவார். வீட்டு எஜமானி என்று அர்த்தமாம். மேடத்துக்குக்கூட அந்தப் பெயர் கிடையாது. எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. பாய் தினமும் மதியம் வந்து, "என்னக்கா, இன்னிக்கு மீன் கொழம்புல எந்த ஊரு தூக்கலா இருக்கு?" என்பார்.

ஒரு நாள் என் ஊர் எது என்று அந்தப் போன் பெண் கேட்டாள். நான் சொன்னேன். நான் பிறந்தபோது தஞ்சாவூர் ஜில்லா. பிள்ளைகள் பிறந்த பிறகு அதைப் பிரித்து நாகப்பட்டினம் ஜில்லா என்றார்கள், என் பாஸ்போர்ட்டில் அதுதான் இருக்கிறது. நான் இங்கே வந்த பிறகு அதையும் பிரித்து மயிலாடுதுறை மாவட்டம் என்றாகிவிட்டது. வீடு அதே வீடு, கிணறு அதே கிணறு. ஒரு அடி நகரவில்லை, மூன்று ஜில்லா.  பெரியம்மா மூன்று விரலைக் காட்டினார். அவருக்கும் மூன்றுதான். அவர் பிறந்தபோது அந்தப் பகுதிக்கே ஒரு தலைவர் பேர் வைத்திருந்தார்கள். அவர் பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்தத் தலைவருக்குக் காலம் சரியில்லாமல் போய், பேரை எடுத்துவிட்டு பெர்ம் ஒப்லாஸ்த் என்றார்கள், ஒப்லாஸ்த் என்றால் நம்ம ஜில்லா மாதிரி. அவர் வேலையை விட்டு ஓய்வு பெற்றபின், ஆணியில் தொங்கின அந்தக் குதிம்கார் பிரிவையும் உள்ளே சேர்த்து பெர்ம் க்ராய் என்று ஆக்கினார்கள். மூன்று பேரையும் விரல் மடக்கிச் சொன்னார். என் மூன்றையும் சொல்லச் சொன்னார். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. அவர் திருப்பிச் சொன்னார். பத்து தடவை சொல்லிப் பார்த்து, தபால் கட்டத்தில் போடுகிற மாதிரி மனசில் எங்கேயோ போட்டுக்கொண்டார்.

அவர் பிறந்தது கிசெல் பக்கத்தில் ஒரு சுரங்கக் குடியிருப்பு. சுரங்கத்தை மூடினதும் ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் ஊர்க் கணக்கிலிருந்தே அந்தப் பேரை அடித்துவிட்டார்கள். ஆனால் தபால் ஆபீஸில் அந்த ஊருக்கான கட்டத்தை மட்டும் இவர் எடுக்கவிடவில்லையாம். மேலதிகாரி வேறு ஊருக்கு அந்தக் கட்டத்தைக் கொடுக்கச் சொன்னபோது மறுத்திருக்கிறார். ஆள் போனாலும் கடுதாசி வரும், வந்தால் எங்கே போடுவது என்று கேட்டாராம். வந்ததா என்று கேட்டேன். எப்போதாவது, என்றாள் போன் பெண்.

இதற்குள் பெரியம்மாவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. என்ன கிழமை என்று தெரியாது. சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பார். ஒரு தடவை மதியம் தனியாக இருக்கும்போது கதவைத் திறந்து போட்டுவிட்டு லிப்டில் கீழே போய் நின்றிருக்கிறார், வாட்ச்மேன் கூட்டிவந்து விட்டார். மேடம் கெட்டவர் இல்லை. ஆபீஸிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்வார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது. ஒரு நாள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். நீ போன பிறகு ஐந்து மணி நேரம் அம்மா தனியாக இருக்கிறாள். டாக்டரிடம் காட்டப்போகிறேன். தன் டீயைத் தானே போட்டுக் குடிக்கிற வரைக்கும் என்னோடு இருக்கட்டும். அதுவும் முடியவில்லை என்றால் பெர்மில் முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரியம்மா எதை மறந்தாலும் அந்த அலமாரியை மறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். குங்கூர், கீழ்த்தட்டு, கடைசி. கண்ணை மூடிக்கொண்டு போடுவார்.

டாக்டரிடம் போவதாக இருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். அடுப்படியில் இருந்த எல்லாச் சாமானையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மருந்து வாடை தாங்காமல் பெரியம்மா அந்த இரண்டு நாளும் தன் ரூமை விட்டு வரவில்லை. டீயை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாம் துடைத்துத் திருப்பி அடுக்கும்போது டப்பாக்களை என் பழைய வரிசையில் வைத்தேன். சனிக்கிழமை மேடத்தின் ஆபீஸ் ஆட்கள் இருபத்தைந்து பேர் சாப்பிட வருகிறார்கள். அவ்வளவு பேருக்குச் சமைக்கும்போது நடுவில் கையைத் தேடவிட முடியாது, கடுகு அடுப்புப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். விருந்து முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இதுதான் உண்மை. இன்னொன்றும் உண்மை. அடுக்கி முடித்து நின்று பார்த்தபோது, என் அலமாரி எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன், பெரியம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு. டாக்டருக்கு ரஷ்ய மொழி தெரியாது. மொழிபெயர்க்க ஒரு சின்ன வயசு ரஷ்யப் பெண் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஆபீஸ் போன் வந்து மேடம் வெளியே போய்விட்டார். என்ன தேதி என்று கேட்டார்கள், தப்பாகச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தார். எந்தப் பகுதியில் பிறந்தாய் என்று கேட்டார்கள். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து அந்தத் தலைவர் பேர் வைத்த பகுதியைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு இடமே கிடையாது என்று டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். எந்த ஊர் என்று கேட்டார்கள். அடிக்கப்பட்ட ஊரின் பேரைச் சொன்னார். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பெரியம்மா சொன்னது சரி. விரல் மடக்கி எனக்குச் சொன்ன மூன்றில் முதல் பேர் அது. அந்த ரூமில் அது சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான். சமையல்காரியிடம் யார் கேட்கப்போகிறார்கள் என்று பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடம் திரும்பி வந்ததும், இடம் பற்றிய நினைவும் சரியில்லை என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். மறுநாள் விருந்துக்கு வெங்காயம் உரிக்க வேண்டும் என்று நான் அன்று மதியத்துக்கு மேலும் இருந்தேன். மேடம் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். "சாய்" என்ற சொல் காதில் விழுந்தது. டீ போடு என்கிறார். பெரியம்மா எழுந்தார். கெட்டிலில் தண்ணீர் வைத்தார். கோப்பையை எடுத்தார். பீங்கான் டீக்கெட்டிலின் மூடியைத் திறந்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். அப்புறம் அலமாரிப் பக்கம் திரும்பாமல் கையை நீட்டி, கீழ்த்தட்டுக் கடைசி டப்பாவை எடுத்து, இரண்டு ஸ்பூன் போட்டு, வெந்நீரை ஊற்றினார்.

என் கையில் வெங்காயம் இருந்தது. வாய் திறக்க நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை. ஏன் என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன். கண்ணெதிரே பால் பொங்கும்போது சில சமயம் கை போகாது. அப்படி இருந்தது என்று சொல்லலாம். அதுவும் சரியாகப் படவில்லை.

கோப்பையில் ஊற்றினபோது நிறமே இல்லை. வெறும் வெந்நீர், மேலே நாலு கடுகு மிதந்தது. பெரியம்மா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மேடம் கிட்டே வந்து டீக்கெட்டிலுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். டப்பாக்களை யாராவது இடம் மாற்றினார்களா?

நான் சொன்னேன், "நோ மேடம். மை கிச்சன், எவ்ரிதிங் சேம் பிளேஸ்."

அது பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னது இல்லை. இருபது வருஷமாக எந்த வீட்டில் எந்த மேடம் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது. உப்பு எங்கே, கத்தி எங்கே, யார் எடுத்தது என்று எது கேட்டாலும், என் அடுப்படியில் ஒரு சாமான் இடம் மாறாது. தலையை நிமிர்த்திச் சொல்கிற பதில். அன்றைக்கும் தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. அதற்குள் மேடம் அம்மாவின் தோளைப் பிடித்து ரூமுக்கு அழைத்துப்போய்விட்டார்.

அவர்கள் போனதும் இன்னொரு காரியம் செய்தேன். டப்பாக்களை மளமளவென்று பெரியம்மாவின் வரிசைக்கு மாற்றினேன். சரி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கடுகு மேலே மூன்றாவது, டீத்தூள் கீழே கடைசி. ஐந்து நிமிஷ வேலை. டீக்கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். வெங்காயத்தை உரித்து முடித்தேன்.

மறுநாள் காலையில் விருந்துச் சமையலுக்குப் போனபோது பெரியம்மா அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுக்கொண்டு போனார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பிளாஸ்திரியைப் படித்தார். கடைசி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். டீத்தூள். எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அப்புறம் தன் வலது கையை மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அடுத்தவர் பொருளைப் பார்க்கிற மாதிரி. கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் எண்ணெய் வைத்தேன். "பெரியம்மா, கிசெல்" என்றேன்.  அவர் கையை நீட்டவில்லை. நானே எட்டி எடுத்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். போன் அவர் பக்கத்திலேயே இருந்தது. நான்தான் மாற்றினேன், உங்கள் கை தப்பவில்லை என்று அந்தப் போன் பெண்ணிடம் சொன்னால் போதும், அவள் சொல்லிவிடுவாள். அன்று சொல்லவில்லை. விருந்து முடியட்டும் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் மேடம் டிக்கெட் போட்டுவிட்டார். இனிமேல் சொல்லி என்ன என்று நினைத்தேன். எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் சமைத்தேன். ஒரு நாள்கூட உப்பு கூடவில்லை, குறையவில்லை. பாய் மட்டும் ஒரு தடவை கேட்டார், "என்னக்கா, ஊரெல்லாம் அடங்கிப்போச்சு?" சாதம் வேண்டுமா என்று கேட்டேன். அவரும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று அந்தக் கனமான கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பெரியம்மா அடுப்படிக்கு வந்தார். மேல்தட்டிலிருந்து மூன்றாவது டப்பாவை எடுத்தார். அதிலிருந்த கடுகை ஒரு கிண்ணத்தில் கொட்டி என்னிடம் கொடுத்தார். காலி டப்பாவை முந்தானை மாதிரி கழுத்தில் கிடந்த துண்டால் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் பிறந்த ஊர்ப் பக்கம், அவர் எடுத்துக்கொண்டார். என் கன்னத்தில் மூன்று முறை முத்தம் கொடுத்தார், அது அவர்கள் வழக்கம். "கலாஸ், ஹஸ்யாய்கா" என்றார். கலாஸ் அவர் பாயிடம் கற்றுக்கொண்ட அரபுச் சொல். வேலை முடிந்தது என்று சொல்ல இங்கே எல்லோரும் சொல்வது. நானும் கலாஸ் என்றேன்.

அடுத்த வருஷம் மேடம் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனார். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் இருந்தது. ஏழு டப்பாவைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

போன மாதம் மேடத்திடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். பெர்மில் அந்த இல்லத்தில் இருக்கிறாராம். தன்னை யார் என்று தெரியவில்லையாம். ஜன்னலில் ஒரு நீல டப்பா இருக்கிறது, யாரையும் தொட விடுவதில்லை. தினமும் விரலை மடக்கிக்கொண்டு அர்த்தமில்லாத மூன்று சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அங்கே இருக்கிற டாக்டர் இது இந்த வியாதியில் வருவதுதான், வெறும் சத்தம் என்கிறார், உனக்குத் தெரிந்த ஏதாவதா என்று கேட்டார். கூடவே பெரியம்மா பேசினதையும் பிடித்து அனுப்பியிருந்தார். மெஸ்ஸில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். தஞ்சாவூர். நாகப்பட்டினம். மயிலாடுதுறை. வரிசை மாறவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முதலிலிருந்து.

போனில் குரல் பதிகிற பட்டனை அழுத்திப் பிடித்து மேடத்துக்குப் பதில் பேசினேன். அது சத்தம் இல்லை மேடம், என் ஊர். மூன்று ஜில்லா, சரியாகச் சொல்கிறார், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். அப்புறமும் அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். டப்பா விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். யாரோ சாம்பார் கேட்டார்கள். விரலை எடுத்துவிட்டேன். ரொம்ப நன்றி என்று மேடம் எழுதியிருந்தார், ஒரு பூ படம் போட்டு.

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. பெரியம்மாவுக்கு இனி போன் பெண்ணும் உதவ மாட்டாள். அதனால்தான் இங்கே எழுத முடிகிறது என்று நினைக்கிறேன். அன்றைக்கு அந்தக் கை தப்பவில்லை. இடத்தை மாற்றினது நான்.

அந்த மூன்றாவது இடத்தை வாரம் ஒரு தடவை துடைக்கிறேன். வேறு எதையும் அங்கே வைப்பதில்லை. கடுகு எனக்கு எட்ட வேண்டிய இடம் கீழே அடுப்புப் பக்கத்தில்தான், கவரும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் எண்ணெய் காய்ந்து புகை வருகிற நேரத்தில் என் கை கீழே போவதில்லை. நான் பார்க்காமலே மேலே போய், சொலிகாம்ஸ்கைத் தாண்டி, பெரெஸ்னிகியைத் தாண்டி, அந்தக் காலி இடத்தில் பலகையைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கி வருகிறது. தினமும்தான்.